தினமும் கர்த்தரோடு அரைமணி நேரம்: தனி ஆராதனையைத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"சபையில் பாடும்போது மனசு நிறைந்துவிடுகிறது. வீட்டில் தனியாக உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடவில்லை." புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இதுதான். பல வருடங்களாக விசுவாசத்தில் இருப்பவர்களும் கொஞ்சம் தயங்கி இதையே சொல்கிறார்கள்.

அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று புரிந்தது. கர்த்தர்மேல் அன்பு இருக்கிறது, வரிசைதான் மாறியிருக்கிறது. முதலில் பாட்டைப் போட்டுச் சந்தோஷத்தை வரவழைக்கப் பார்க்கிறார்கள். அது வந்தால் துதிக்கிறார்கள். வராவிட்டால் தேவைகளை வரிசையாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். வேதம் கடைசியில், நேரம் மிச்சமிருந்தால்.

"உம்முடைய சமுகத்தில் பரிபூரண ஆனந்தமும்" உண்டு என்கிறது சங்கீதம் 16:11. ஆனந்தம் இருக்கும் இடம் அவருடைய சமுகம் என்றால், முதலில் அவரிடம் போக வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான். அரைமணி நேரம் போதும். ஆரம்பத்தில் பதினைந்து நிமிடம்தான் கிடைக்கிறது என்றாலும் இதே வரிசையில் போகலாம்.

1. முந்தின இரவே எடுத்து வைக்க வேண்டியவை

அச்சடித்த வேதாகமம் ஒன்று, ஒரு நோட்டு, ஒரு பேனா, உட்கார ஓர் இடம். இவ்வளவுதான். எந்தச் சங்கீதம் என்பதையும் இரவே முடிவு செய்து அடையாளம் வைத்துவிடுங்கள். காலையில் பக்கங்களைப் புரட்டி "இன்றைக்கு எதை வாசிக்கலாம்" என்று தேட ஆரம்பித்தால், பத்து நிமிடம் அதிலேயே போய்விடும்.

முதல் வாரத்துக்கு 23, 27, 34, 63, 100, 103, 145 ஆகிய ஏழு சங்கீதங்களைச் சொல்வேன். 100-ஆம் சங்கீதத்தில் ஐந்தே வசனங்கள். நேரம் குறைவான நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆர்வத்தில் 119-ஆம் சங்கீதத்தில் தொடங்கி, 176 வசனங்களின் நடுவில் களைத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பிறகு வரட்டும்.

போன் வேறு அறையில் இருக்கட்டும். வேதாகமமே போனில்தான் என்றால் இணையத்தை அணைத்துவிட்டு உட்காருங்கள். "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று இயேசு சொன்னது (மத்தேயு 6:6) மற்றவர்கள் பார்ப்பதற்காக ஜெபிக்கும் பழக்கத்தைக் குறித்து. இன்றைக்குப் பூட்ட வேண்டிய கதவுகளில் போனும் ஒன்று என்றே நினைக்கிறேன்.

நேரத்தைப் பற்றி நிறையப் பேர் குற்ற உணர்வோடு பேசுகிறார்கள். இயேசு அதிகாலையில், இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் (மாற்கு 1:35). அது நல்ல முன்மாதிரி. ஆனால் 63-ஆம் சங்கீதத்தில் தாவீது இராச்சாமங்களில், படுக்கையின்மேல் அவரைத் தியானிக்கிறார். கைக்குழந்தை உள்ள தாய்க்கும் இரவு வேலை பார்ப்பவருக்கும் அந்தச் சங்கீதம் பெரிய ஆறுதல். எந்த நேரம் என்பதைவிட, தினமும் ஒரே நேரம் என்பது முக்கியம். ஒரே நேரமாக இருந்தால் "இப்போதா, அப்புறமா" என்ற போராட்டமே இருக்காது.

இங்கே நடக்கும் பெரிய தவறு, முதல் நாளே ஒரு மணி நேரம் என்று தீர்மானிப்பது. நான்காம் நாள் அது விட்டுப்போகும். அதோடு "என்னால் முடியாது" என்ற எண்ணமும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

2. உட்கார்ந்ததும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் (2 நிமிடம்)

"அவர் சமுகத்தில் உங்கள் இருதயத்தை ஊற்றிவிடுங்கள்" என்கிறது சங்கீதம் 62:8. ஊற்றுவது என்றால் பாத்திரத்தில் இருப்பதுதான் வெளியே வரும். அதனால் முதல் வார்த்தை அன்றைய நிலைமையாக இருக்கட்டும். சபை ஜெபத்தில் பயன்படுத்தும் மொழி வேண்டாம், வீட்டில் பேசுவதுபோல் பேசுங்கள். "ஆண்டவரே, ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. நேற்று நடந்த சண்டையே மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. உண்மையைச் சொன்னால் ஜெபிக்கவே விருப்பமில்லை. ஆனாலும் உம்மிடம்தான் வந்திருக்கிறேன்."

இதைக் கேட்டு "இப்படியெல்லாம் பேசலாமா" என்று ஒரு சகோதரி அதிர்ந்துபோனார். 13-ஆம் சங்கீதத்தை அவருக்கு எடுத்துக் காட்டினேன். முதல் இரண்டு வசனங்களில் தாவீது "எதுவரைக்கும், எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். அடுத்த இரண்டில் விண்ணப்பம். கடைசி இரண்டில்தான் நம்பிக்கையும் பாட்டும். மனசில் ஒன்று இருக்க வாயில் வேறொன்றைச் சொல்லி ஆரம்பித்தால், நாம் அவரோடு பேசுவது நின்று, நமக்கு நாமே வேஷம் போட ஆரம்பித்துவிடுவோம். பிதா தேடுவது "ஆவியோடும் உண்மையோடும்" தொழுதுகொள்கிறவர்களை (யோவான் 4:23).

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சொல்ல ஆரம்பித்து, அந்த வருத்தத்திலேயே இருபது நிமிடம் போய்விடும். அதனால்தான் இரண்டு நிமிடம் என்கிறேன். மிச்சத்தை விண்ணப்ப நேரத்தில் சொல்லலாம்.

3. நடுவில் நிற்பதை எடுத்துப்போடுங்கள்

இது சுருக்கமாக இருக்க வேண்டிய பகுதி. மனசாட்சி எதைக் காட்டுகிறதோ அதைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். "என் எல்லாப் பாவங்களையும் மன்னியும்" என்று மொத்தமாகச் சொல்வது சுலபம், ஆனால் எதையும் விடாமல் பிடித்துக்கொண்டே அதைச் சொல்ல முடியும். "நேற்று அந்த விஷயத்தில் பொய் சொன்னேன்" என்று சொன்னால் கை திறந்துவிடும். அப்புறம் 1 யோவான் 1:9-ஐ நம்பி அதைவிட்டு நகருங்கள். மன்னிக்கப்பட்டதை மறுநாளும் தோண்டி எடுப்பது தாழ்மை மாதிரித் தெரியும். ஆனால் அவருடைய வார்த்தையை நாம் நம்பவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

இந்தப் படி ஏன் துதிக்கு முன்னால்? 51-ஆம் சங்கீதத்தில் தாவீது "உமது இரட்சணியத்தின் சந்தோஷத்தைத் திரும்பவும் எனக்குத்" தாரும் என்று கேட்கிறார். பாவம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்தச் சந்தோஷத்தை. அது திரும்ப வருவதற்கு முன் அவர் தன் மீறுதலை மூடிவைக்காமல் பேசிவிட்டார்.

மனிதர்களோடு உள்ள கணக்கும் இங்கே தலைகாட்டும். சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்றார் இயேசு (மத்தேயு 5:23, 24). அந்தப் பெயரை நோட்டின் ஓரத்தில் எழுதுங்கள், அன்றைக்கே கூப்பிட்டுப் பேசுங்கள். ஒரு சகோதரர் மாதக்கணக்கில் "ஜெபத்தில் மனசு ஒட்டவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தன் அண்ணனோடு பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒருநாள் போன் எடுத்துப் பேசினார். பெரிதாக ஒன்றும் பேசவில்லை, நலம் விசாரித்தார், "என் மேலேயும் தப்பு இருக்கு அண்ணே" என்றார். மறுநாள் சந்தோஷம் பொங்கி வழிந்தது என்று அவர் சொல்லவில்லை. ஜெபத்தில் உட்கார்ந்தால் அண்ணன் முகம் குறுக்கே வருவது நின்றுவிட்டது என்றார். அங்கிருந்துதான் மற்றதெல்லாம் தொடங்கியது.

4. வேதத்தைத் திறந்து, அவர் யார் என்று பாருங்கள் (10 நிமிடம்)

அரைமணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை இதற்குக் கொடுங்கள். மற்ற எல்லாப் படிகளும் இதிலிருந்துதான் பெலன் எடுக்கின்றன.

"கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்" என்ற வசனத்தை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அது வரும் நெகேமியா 8-ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசித்துப் பாருங்கள். ஜனங்கள் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் நியாயப்பிரமாணம் வாசிக்கப்படுவதைக் கேட்கிறார்கள். ஆலய ஊழியம் செய்கிற லேவியர் அர்த்தம் சொல்லுகிறார்கள். ஜனங்கள் அழுகிறார்கள். பிறகுதான் அந்த வார்த்தை சொல்லப்படுகிறது. 12-ஆம் வசனத்தில் அவர்கள் மகிழ்ச்சியோடு கலைந்துபோனதற்குக் காரணமும் இருக்கிறது: தங்களுக்கு அறிவிக்கப்பட்ட வார்த்தைகளை உணர்ந்துகொண்டார்கள். கேட்டார்கள், உணர்ந்தார்கள், மகிழ்ந்தார்கள். நம் வரிசையும் அதுவே.

செய்முறை இது. குறித்து வைத்த சங்கீதத்தை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். கண் மட்டும் ஓடினால் மனசு வேறெங்கோ போய்விடும். காதில் விழுந்தால் பிடித்து நிறுத்தும். பிறகு மனசைத் தொட்ட ஒன்றிரண்டு வசனங்களை எடுத்து, நோட்டில் நான்கு வரி எழுதுங்கள். 103-ஆம் சங்கீதத்தை எடுத்த ஒரு நாளில் என் நோட்டில் இருந்தது இது:

வசனம்: "நம்முடைய உருவம் இன்னதென்று அவர் அறிவார், நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்." (14)

அவர் யார்: என்னை உண்டாக்கியவர். என் அளவு அவருக்குத் தெரியும்.

நேற்று: முடியாத வேலையை முடிப்பேன் என்று ஒத்துக்கொண்டேன். முடியவில்லை. அந்த எரிச்சலை வீட்டில் இருப்பவர்கள்மேல் காட்டினேன்.

அவருக்கு: தகப்பனே, என் பலவீனம் உமக்குப் புதுச் செய்தி இல்லை. நான் மண் என்பதை நான் மறந்துவிட்டேன், நீர் மறக்கவில்லை. அதை நினைத்து நீர் என்னைத் தள்ளவில்லை, இரங்குகிறீர். உம்மைத் துதிக்கிறேன்.

கர்த்தர் நம்மைக் குறித்து நினைவுகூருவது என்ன என்று கேட்டால், பாவங்கள் என்றுதான் முதலில் தோன்றும். இந்தச் சங்கீதமோ மீறுதல்களை மேற்குக்குக் கிழக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் விலக்கிவிட்டு (12), நாம் மண் என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்கும் தகப்பனைக் காட்டுகிறது. இதைக் கண்ட அன்று நான் துதிக்கக் கஷ்டப்படவே இல்லை.

இரண்டாவது வரியைத் தாண்டிக் குதிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வசனத்தை வாசித்ததும் "இதில் எனக்கு என்ன வாக்குத்தத்தம்" என்று தேடுகிறோம். வாக்குத்தத்தம் நிச்சயம் உண்டு. ஆனால் சொன்னவர் யார் என்று பார்க்காமல் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டால், அது நிறைவேறத் தாமதிக்கும் நாளில் மனசு ஆடிப்போகும்.

இன்னொன்று. ஒரு வருடத்தில் வேதத்தை வாசித்து முடிக்கும் அட்டவணை வைத்திருப்பவர்கள் அதை வேறு நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு அதிகாரம் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு வசனத்தில் நிற்க முடியாது.

5. துதி, அப்புறம் ஸ்தோத்திரம் (5 நிமிடம்)

பேச்சு வழக்கில் இரண்டையும் கலந்தே சொல்கிறோம், அதில் தவறில்லை. பழகுவதற்கு மட்டும் பிரித்துக்கொள்ளலாம். அவர் யாராக இருக்கிறாரோ அதற்காகத் துதி. அவர் செய்தவற்றுக்காக ஸ்தோத்திரம். முதலாவது நான்காம் படியில் ஏற்கெனவே ஆரம்பமாகிவிட்டது. எழுதின வரியை வாய்விட்டுச் சொல்லித் தொடருங்கள்.

ஸ்தோத்திரத்துக்குக் கடந்த ஒரு நாளிலிருந்து மூன்று காரியங்களை எடுங்கள். நேற்றுச் சொன்னதை இன்று சொல்லக்கூடாது. "சுகம் தந்தீர், பெலன் தந்தீர், பாதுகாத்தீர்" என்று பழகின வாய் ஓடிக்கொண்டே இருக்கும், மனசு கூடவே வராது. "நேற்று மாலை அம்மா வலியில்லாமல் நாலு மணி நேரம் தூங்கினார்கள்" என்று சொன்னால் மனசு அந்த அறைக்கே போய்விடும்.

"ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லலாமா என்று கேட்கிறார்கள். 136-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். அதன் 26 வசனங்களிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்ற வார்த்தை வருகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் ஒரு காரணம் நிற்கிறது: வானங்கள், சூரியன், சந்திரன், சிவந்த சமுத்திரம், வனாந்தரம், மாம்சதேகமுள்ள யாவருக்கும் ஆகாரம். திரும்பச் சொல்லுங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு காரணத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

6. பாடல்

இப்போது பாடுங்கள். ஒரு பாட்டுப் போதும், அன்றைய வசனத்தோடு பொருந்துவதாக இருந்தால் நல்லது. போனில் ஓடவிடாமல் நீங்களே பாடுங்கள். ஓடவிட்டால் நாம் கேட்கிறவர்களாகிவிடுகிறோம். குரல் நன்றாக இல்லை என்று கூச்சப்படுகிறவர்கள் மெல்லிய குரலில் பாடலாம், வசனத்தையே இழுத்து ஒரு ராகத்தில் சொல்லலாம்.

உடம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முழங்கால்படியிடச் சொல்கிறது 95-ஆம் சங்கீதம், கைகளை எடுக்கச் சொல்கிறது 134-ஆம் சங்கீதம். தூக்கம் தள்ளுகிற காலைகளில் எழுந்து நின்று பாடினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கண்ணீர் வரும் வரைக்கும் அதே பல்லவியைப் பாடிக்கொண்டிருக்காதீர்கள். கண்ணீர் வந்தால் நன்றி சொல்லுங்கள். வராத நாளின் ஆராதனையும் அவர் ஏற்றுக்கொள்கிற ஆராதனைதான்.

7. விண்ணப்பங்கள் (7 நிமிடம்)

இவ்வளவு தாமதமாகவா என்று தோன்றும். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்திலும் முதலில் பிதாவின் நாமம், அவருடைய ராஜ்யம், அவருடைய சித்தம். அதற்குப் பின்தான் அன்றன்றுள்ள ஆகாரம். அவரைப் பார்த்துவிட்டுக் கேட்கும்போது தேவை சின்னதாகிவிடாது, ஆனால் பயம் குறைந்திருக்கும். பிலிப்பியர் 4:6 விண்ணப்பங்களை "ஸ்தோத்திரத்தோடே கூடிய" ஜெபத்தினால் தெரியப்படுத்தச் சொல்வதும் இதனால்தான்.

வேறொருவருடைய தேவையோடு தொடங்குங்கள். பிறகு உங்களுடையது. கேட்டதைத் தேதியோடு ஒரு வரியில் எழுதுங்கள். பதில் வரும்போது அந்த வரியே ஸ்தோத்திரத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டியதாக மாறும். எழுதி வைக்காதவர்கள் பதில் கிடைத்ததையே மறந்துவிடுகிறார்கள்.

8. சும்மா இருங்கள், ஒரு வரியை எடுத்துக்கொண்டு எழுந்திருங்கள்

கடைசி இரண்டு நிமிடம் எதுவும் பேசாமல் உட்காருங்கள். மார்த்தாளின் சகோதரி மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்து அவருடைய வசனத்தைக் கேட்டாள் (லூக்கா 10:39). சத்தம் ஏதாவது கேட்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மனசில் ஏதாவது உறுதியாகத் தோன்றினால் எழுதி வைத்து, வேதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய முடிவு என்றால் முதிர்ந்த ஒரு விசுவாசியிடமும் கேளுங்கள்.

எழுந்திருக்குமுன் அன்றைய வசனத்திலிருந்து ஒரு சின்ன வரியை எடுத்துக்கொள்ளுங்கள். "நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்", அவ்வளவு நீளம் போதும். வீட்டைவிட்டுப் புறப்படும்போது, மத்தியானம் சாப்பிடும்முன், படுக்கப்போகும்போது என மூன்று வேளை அதைச் சொல்லுங்கள். இப்படி நாளோடு கட்டிவைக்காவிட்டால் காலையில் கண்டது பத்து மணிக்குள் மறந்துபோகும்.

9. ஒன்றுமே உணராத நாட்களில்

இது வரும். சிலருக்கு இரண்டாம் வாரத்திலேயே, சிலருக்கு வருடங்கள் கழித்து. அப்போது "நான் எங்கோ தவறிவிட்டேன்" என்று முடிவுகட்டாமல், இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் உடம்பு. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் படுத்து, போதும் கர்த்தாவே என்றபோது (1 இராஜாக்கள் 19), தூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். சாப்பிட்டார், தூங்கினார், மறுபடியும் சாப்பிட்டார். மெல்லிய சத்தம் அதற்குப் பிறகுதான். தூக்கமில்லாமல் இருக்கும் ஒருவருக்கு நான் முதலில் சொல்வது, இன்றைக்குச் சீக்கிரம் படுங்கள் என்பதுதான். பல வாரங்களாக எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள், நெருங்கின ஒருவரிடமும் சொல்லுங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை. "விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு" என்று அவர்களிடம் சொல்வது பெரிய காயம். தயவுசெய்து யாரும் அதைச் சொல்லாதீர்கள்.

இரண்டாவது, மூன்றாம் படியில் ஏதாவது மீதியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஒருமுறை மட்டும். ஒன்றும் தென்படவில்லை என்றால் அதைவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் வறட்சி என்பது வறட்சிதான். அதற்குள்ளேயே நடக்க வேண்டும். நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள், ஆனால் விடாதீர்கள். புலம்பல் சங்கீதங்களை எடுங்கள்: 13, 42, 77, 88. இதில் 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசி வரி வரைக்கும் வெளிச்சம் இல்லை. ஆனால் அதைப் பாடினவன் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் தொடங்கினான், இரவும் பகலும் அவரையே கூப்பிட்டான். அப்படி ஒரு ஜெபத்தை வேதம் தனக்குள் வைத்திருக்கிறது என்பது, இருளில் இருக்கிறவனுக்கு எவ்வளவு பெரிய இடம்!

ஆபகூக் 3:17, 18-ஐயும் கையில் வைத்திருங்கள். அத்திமரம் துளிர்க்கவில்லை, திராட்சச்செடியில் பழம் இல்லை, வயல் தானியம் கொடுக்கவில்லை, தொழுவத்தில் மாடு இல்லை. எல்லாவற்றையும் எண்ணிச் சொல்லிவிட்டு, ஆனாலும் "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்கிறார் அந்தத் தீர்க்கதரிசி. இழப்பைச் சின்னதாக்கிப் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டாம் படியில் உள்ளதை உள்ளபடி சொல்லப் பழகினவர்களுக்கு இந்த "ஆனாலும்" வாயில் வரும்.

10. சபைக்குப் போகும்போது

தனி ஆராதனை பிடித்துப்போனதும் சிலர் சபையைக் குறைத்துக்கொள்கிறார்கள். இந்தத் தவறைச் செய்யாதீர்கள். நீங்கள் வறண்டிருக்கும் வாரத்தில் பக்கத்தில் நிற்பவர் பாடுவார். அவர் வாய் திறக்க முடியாத வாரத்தில் நீங்கள் பாடுவீர்கள். சபை கூடிவருதலை விட்டுவிடாமல் ஒருவருக்கொருவர் புத்திசொல்லச் சொல்கிறது எபிரெயர் 10:25.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின இரவு அந்த வாரத்து நோட்டைத் திறந்து "அவர் யார்" என்ற வரிகளை மட்டும் வாசியுங்கள். ஏழு நாளில் ஏழு வரி இருக்கும், விட்டுப்போன நாள் இருந்தால் ஐந்து இருக்கும். ஆராதனையில் பாட்டு ஆரம்பமாகும்போது அந்த வரிகளில் ஒன்றாவது நினைவில் இருக்கட்டும். ஆராதனை முடிந்ததும், அதே வரியை அன்றைக்கு முகம் வாடி நிற்கும் ஒருவரிடம் போய்ச் சொல்லுங்கள்.